கறுப்புப் புகை என்றால் உடனே நொசிலா?

பெப்ரவரி 19, இரவு. கிண்ணியாவிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

28 அடி ஃபைபர் படகு. உள்ளே பூட்டிய மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின், காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாதது. வாடைக்காலம் முழுவதும் திருகோணமலை கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தது. இப்போது தொழிலுக்குப் போனால் அரைவாசி வேகத்துக்கு மேல் கரும்புகை கக்குகிறது, ஓட்டமும் இல்லை. கராஜில் சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நொசில்தான் என்றார்கள், மூன்றையும் மாற்றினேன். புகை குறையவில்லை. போதாததற்கு இப்போது நின்ற நிலையில் எஞ்சின் உதறுகிறது, விடியற்காலையில் வெள்ளைப் புகையும் வருகிறது. அதே கராஜ் இப்போது பிஸ்டன், ரிங், சிலிண்டரின் உள்ளுறையான லைனர் எல்லாம் கழற்ற வேண்டும் என்கிறது. கறுப்புப் புகை என்றால் எஞ்சின் தேய்ந்துவிட்டது என்றுதானே பொருள்? வங்கிக்குப் போவதற்கு முன் கேட்கிறேன்.

பெப்ரவரி 19, இரவு, சற்றுப் பிந்தி

வங்கிக்குப் போகாதீர்கள் தம்பி. ரிங்கும் லைனரும் தேய்ந்த எஞ்சின் எண்ணெயைக் குடிக்கும், நீலமாகப் புகைக்கும். கறுப்பு வேறு கதை. உள்ளே போன டீசலுக்கு வேண்டிய காற்று கிடைக்கவில்லை, அல்லது இழுக்கும் சுமைக்கு மீறி டீசல் போகிறது. அவ்வளவுதான் அந்த நிறம் சொல்லும். காரணத்தை அது சொல்லாது.

நான்கு விடயம் தேவை. புகை எப்போது வருகிறது: ஸ்டார்ட் செய்யும்போதா, கியர் போடாமல் முறுக்கினால் வருமா, சுமையோடு ஓடும்போது மட்டுமா? முழு வேகத்தில் எத்தனை சுற்று எடுக்கிறது? படகின் அடியைக் கடைசியாக எப்போது சுரண்டினீர்கள்? எஞ்சின் பெட்டியின் காற்று வழியில் என்ன திணித்து வைத்திருக்கிறீர்கள்?

கடைசிக் கேள்விக்கு எல்லோரும் "ஒன்றுமில்லை" என்பார்கள். போய்ப் பார்த்தால் ஒரு பழைய வலையும் இரண்டு சாக்கும் இருக்கும்.

பெப்ரவரி 20, காலை

பதில் வந்தது. கியர் இல்லாமல் முறுக்கினால் லேசான புகை மட்டும். கியர் போட்டு அரை வேகம் தாண்டினால்தான் கரும்புகை. அடி சுரண்டியது போன வருடம். சுற்றுமானி வேலை செய்யவில்லை.

நான் எஞ்சினைத் தொடவே மாட்டேன். முதலில் தண்ணீருக்குள் இறங்குவேன்.

ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும். லீற்றர் கணக்கில் பார்த்தால் ஒரு லீற்றர் டீசலுக்குச் சுமார் 10 கன மீற்றர் காற்று. இது ஏட்டுக் கணக்கு. புகையில்லாமல் எரிய டீசல் எஞ்சினுக்கு இதைவிடக் கணிசமாக அதிகம் தேவை. டர்போ இல்லாத எஞ்சின் ஒரு சுற்றுக்கு இழுக்கும் காற்று ஏறத்தாழ மாறாதது. மாறுவது டீசல். அதைக் கூட்டிக் குறைப்பது கவர்னர், சுற்றைப் பிடித்து வைக்கும் கருவி.

நீங்கள் கைப்பிடியைத் தள்ளும்போது நேராக டீசலைக் கூட்டவில்லை. "இத்தனை சுற்று வேண்டும்" என்று கவர்னரிடம் சொல்கிறீர்கள். படகு கனத்தால் சுற்று ஏறாது. கவர்னர் விடாது, பம்பின் எல்லை வரைக்கும் டீசலைத் திறந்துகொண்டே போகும். காற்று அதே அளவு, டீசல் உச்சம். மிச்சம் கரியாகி வெளியே வருகிறது. எஞ்சினில் ஒரு குறையும் இல்லாமலே இது நடக்கும்.

படகு ஏன் கனக்கிறது? நவம்பர் முதல் ஜனவரி வரை அசையாத, இளஞ்சூடான துறைமுகத் தண்ணீரில் கிடந்திருக்கிறது. சிப்பி குடியேற அதைவிட நல்ல இடம் கிடையாது. அடிப்பலகையைவிடப் புரொப்பெல்லரில் ஒட்டுவதுதான் மோசம். இதழின் முகத்தில் விரல் நக அளவு சிப்பி நாலைந்து இருந்தாலே தண்ணீரைத் தள்ளுவதற்குப் பதிலாகக் கலக்கிக்கொண்டிருக்கும்.

பெப்ரவரி 20, மதியம்

சுற்றுமானி இல்லை என்று விட்டுவிடாதீர்கள். கையில் பிடித்துப் பார்க்கும் ஒளிச் சுற்றுமானி ஒன்று இரவல் வாங்குங்கள். கிராங்கின் பெல்ட் சக்கரத்தில் ஒளி திருப்பும் ஸ்டிக்கர் ஒரு துண்டு ஒட்டினால் போதும். இந்த எண் இல்லாமல் பேசுவதெல்லாம் ஊகம்.

பெப்ரவரி 21

ஒருவர் எழுதியிருக்கிறார்: "டீசலில் கலப்படம். இதற்கு இவ்வளவு விளக்கம் தேவையா?"

இருக்கலாம். ஆனால் அதே இடத்தில் நிரப்பிய பக்கத்துப் படகு புகைக்கிறதா என்று பார்த்தாரா? ஒரே டீசலில் ஒன்பது படகு சுத்தமாக ஓடி ஒன்று மட்டும் புகைத்தால், குற்றம் டீசலில் இல்லை.

டீசலைச் சோதிக்க வேண்டுமென்றால் வடிகட்டியின் அடிக்குழாயைத் திறந்து ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். ஓர் இரவு வையுங்கள். தண்ணீர் அடியில் தனியாகக் கோடு பிரித்து நிற்கும். நடுவில் பழுப்பாகச் சளி மாதிரி ஏதாவது மிதந்தால் அது டீசலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் வளரும் நுண்ணுயிர். அது வடிகட்டியை அடைக்கும். அடைத்தால் எஞ்சின் திக்கும், நின்றுபோகும், வலு குறையும். ஆனால் டீசல் வடிகட்டி அடைத்ததால் கரும்புகை வராது, ஏனென்றால் டீசல் குறைகிறது. கறுப்புக்கு அடைபட வேண்டியது காற்று வடிகட்டி. இரண்டையும் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

வாடைக்கு முன் தாங்கியை நிரப்பிக் கட்டுங்கள். பாதித் தாங்கியில் உள்ள காற்றின் ஈரம் இரவில் உள்சுவரில் பனித்து அடிக்கு இறங்கும்.

பெப்ரவரி 22

எண் வந்துவிட்டது. முழுக் கைப்பிடியில் 2200. எஞ்சின் தகட்டில் எழுதியிருப்பது 2600.

எனக்கு இது போதும். நல்ல நிலையில் உள்ள படகு, தொழில் சாமானோடு, முழுக் கைப்பிடியில் தகட்டு எண்ணைத் தொட வேண்டும். தொடவில்லையென்றால் சுமை அதிகம், அல்லது எஞ்சின் வலு குறைவு. எது என்று பிரிக்க மலிவான வழி, மலிவானதை முதலில் செய்வது. படகைக் கரையேற்றிச் சுரண்டுங்கள், புரொப்பெல்லரை உலோகம் பளிச்சிடும் வரை தேயுங்கள், ஷாஃப்ட்டில் வலைக்கயிறு சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அதுவரை தொழிலுக்குப் போகத்தான் வேண்டும் என்றால் கைப்பிடியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுங்கள். புரொப்பெல்லர் கேட்கும் வலு சுற்றின் மும்மடிப் பெருக்கத்தோடு ஏறும். சுற்றைப் பத்து வீதம் குறைத்தால் வலுத் தேவை கால்பங்குக்கு மேல் குறையும். புகையும் அடங்கும், டீசலும் மிஞ்சும், மீன் தப்பி ஓடிவிடாது.

பெப்ரவரி 24

நீலப் புகையைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இந்தக் கேள்வி பதில் திசை மாறுகிறது, மாறட்டும்.

நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. எந்த வழியாக வருகிறது என்பதை நேரம்தான் காட்டிக்கொடுக்கும். இரவு நின்ற எஞ்சினைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஒரு நீல மேகம், சில நிமிடங்களில் சுத்தம்: வால்வுத் தண்டு வழியாக இரவில் எண்ணெய் சொட்டியிருக்கிறது. அவசரமில்லை. சுமையோடு ஓடும்போது விடாமல் நீலம், எண்ணெய் அளவும் இறங்குகிறது: ரிங். டர்போ உள்ள எஞ்சின் என்றால், டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் காற்றுக் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விடுங்கள். எண்ணெய் குளமாக நின்றால் முதலில் கிராங்க் அறையின் மூச்சுக்குழாயையும் அடைத்த காற்று வடிகட்டியையும் பாருங்கள். அவை சரியாக இருந்தால்தான் டர்போவின் சீல் மேல் சந்தேகம்.

இதையெல்லாம் கழற்றுவதற்கு முன் எண்ணெய்க் கோலைப் பாருங்கள். படகில் எஞ்சின் மட்டமாக இருப்பதில்லை, ஷாஃப்ட்டின் சரிவோடு பின்பக்கம் தாழ்ந்து நிற்கும். லொறிக்கென்று செய்த எஞ்சினைப் படகில் பூட்டுவது நம் பக்கம் புதிதல்ல. அந்தக் கோலில் உள்ள கோடு மட்டமான தரைக்குப் போட்ட கோடு. சரிவில் அது பொய் சொல்லும். கோட்டை நம்பி ஊற்றினால் எண்ணெய் கூடிப்போய், கிராங்க் அதில் அடித்து நுரைத்து, மூச்சுக்குழாய் வழியாகக் காற்றோடு உள்ளே போய் நீலமாக எரியும். நல்ல எஞ்சின் ஒன்றை இப்படி முழுதாகக் கழற்றி ஓவரோல் செய்து, பிறகும் அதே கோடு வரைக்கும் ஊற்றி, பிறகும் நீலப் புகை வந்து, உரிமையாளர் தலையில் கை வைத்து உட்கார்ந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எஞ்சினைச் செய்த நிறுவனம் சொல்லும் அளவு எண்ணெயை அளந்து ஊற்றுங்கள், பிறகு அந்தப் படகில் அந்தச் சரிவில் கோல் எங்கே நனைகிறதோ அங்கே புதுக் கோடு கீறுங்கள்.

இன்னொன்று. விளக்குக்காகவும் பம்புக்காகவும் இரவு முழுக்கச் சுமையே இல்லாமல் எஞ்சினைச் சும்மா ஓடவிடுகிறோம். சிலிண்டர் சூடேறாது. ரிங் அழுத்தமாக உட்காராது. உள்சுவரில் எண்ணெய் தேங்கி நிற்பதற்கென்று விட்ட நுண்ணிய கீறல்கள் அரக்குப் படிந்து வழவழப்பாகிவிடும். அதற்குப் பிறகு எண்ணெய் மேலேறும். எஞ்சின் உழைத்துத் தேய்வதைவிட உழைக்காமல் கெடுவது அதிகம் என்று எனக்குத் தொழில் பழக்கிய பெரியவர் சொல்வார். எங்களைப் பார்த்துக்கொண்டேதான் சொல்வார்.

பெப்ரவரி 25

நேற்று நிறத்தைப் பற்றி மிக உறுதியாக எழுதினேன். கொஞ்சம் தளர்த்த வேண்டும். பார்ப்பவர் நிற்கும் இடம் நிறத்தை மாற்றிவிடுகிறது. உள்துறைமுகத்தில் பின்னால் பச்சை மலை இருக்கும்போது மெல்லிய நீலம் வெள்ளையாகத் தெரியும். திறந்த வானத்துக்கு எதிரே அதே புகை சாம்பல். சாய்ந்த வெயிலில் எரியாத டீசலின் வெள்ளையும் நீலம் பூசிக்கொள்ளும்.

அதனால் நான் ஓர் அட்டைத் துண்டு வைத்துக்கொள்வேன். வெள்ளை அட்டை. புகைவாயிலிருந்து ஒரு முழம் தள்ளி ஒரு நிமிடம் பிடிப்பேன். வெறும் ஈரம், காய்ந்தால் தடமில்லை: நீராவி. கடல்நீராக இருந்தால் காய்ந்த இடத்தில் உப்புப் பூக்கும். ஈரம் காயவில்லை, மணந்தால் டீசல்: எரியாமல் வெளியேறிய டீசல். வழவழப்பான பழுப்புப் புள்ளி: எண்ணெய். உலர்ந்த கரி, ஊதினால் பறக்கும்: கறுப்புப் புகையின் கரி. கண் ஏமாறும் இடத்தில் அட்டை ஏமாறாது. ஆனால் கடல்நீர் கலந்து வெளியேறும் புகைவாயில் இது சரிவராது, எல்லாமே நனையும். அங்கே தண்ணீர்மேல் எண்ணெய்ப் படலம் வானவில்லாக விரிகிறதா என்று பாருங்கள். மூக்கையும் நம்பலாம். எரியாத டீசல் கண்ணைக் கரிக்கும், நீராவி கரிக்காது. நீராவி சில அடி தூரத்தில் கரைந்து மறையும், டீசல் புகை தண்ணீர்மேல் தவழ்ந்துகொண்டே வரும்.

பெப்ரவரி 27

வந்துவிட்டது, எதிர்பார்த்ததுதான். "டீசலோடு மண்ணெண்ணெய் கலந்தால் புகை நின்றுவிடும். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்."

நிற்கும். ஏன் நிற்கிறது என்று யோசித்தீர்களா? பம்ப் அளப்பது கன அளவை. மண்ணெண்ணெய் டீசலைவிட இலேசானது. அதே கன அளவில் எடை குறைவு, எனவே எரிபொருள் குறைவாகப் போகிறது, எனவே புகை குறைகிறது. கைப்பிடியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தாலும் இதே பலன்தான், காசு செலவில்லாமல்.

கெடுதல் வேறு. பம்புக்கும் நொசிலுக்கும் மசகாக இருப்பது டீசலேதான். மண்ணெண்ணெயில் அந்த வழுக்கல் இல்லை. பம்பின் உள்ளே உள்ள உலக்கைக்கும் அதன் உறைக்கும் நடுவே உள்ள இடைவெளி தலைமயிரைவிடப் பல மடங்கு நுண்ணியது. அங்கே கீறல் விழுந்தால் பம்ப் போயிற்று. பம்பின் விலையை நான் எழுதப் போவதில்லை, எல்லோருக்கும் இரவில் தூக்கம் வேண்டும்.

வெளி மோட்டார் பூட்டிய ஃபைபர் வள்ளத்தில் வளர்ந்த பழக்கம் இது. அந்த மோட்டார் மண்ணெண்ணெயில் ஓடுவதற்கென்றே செய்தது, டூ ஸ்ட்ரோக், எண்ணெயைக் கலந்தே எரிப்பது, ஆகவே அது நீலமாகப் புகைப்பது இயல்பு. அந்தக் கண்ணோடு டீசல் எஞ்சினைப் பார்க்கக் கூடாது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாய்க்குப் போனபோது இந்தக் கலவை வைத்தியம் எங்கள் பக்கம் திடீரென்று வழக்கொழிந்தது. அந்த நாட்களில் யாருடைய டீசல் எஞ்சினும் மண்ணெண்ணெய் கேட்டு அழவில்லை.

மார்ச் 1

வேலை இல்லாத நாள். ஒரு பழைய செய்தி.

இரண்டாம் உலகப் போரில் போர்க்கப்பல்கள் தங்களை மறைக்கப் புகைத்திரை விட்டன. அதற்கென்று தனி இரசாயனமும் இருந்தது. ஆனால் மிக எளிய வழி, கொதிகலன் உலைக்குப் போகும் காற்றைக் குறைத்து எண்ணெயை அப்படியே விடுவது. புகைபோக்கி கன்னங்கரேலென்று கக்கும். நம் திருகோணமலைத் துறைமுகத்தை ஜப்பானிய விமானங்கள் தாக்கிய 1942 ஏப்ரல் 9க்கும், சீனன்குடாக் காட்டுக்குள் இன்றும் நிற்கும் அந்த 99 எண்ணெய்த் தாங்கிகளுக்கும் உரிய காலம் அது. கப்பற்படை காசு கொடுத்து வேண்டுமென்றே செய்ததை, நாம் காற்றுவழியில் சாக்கைத் திணித்து இலவசமாகச் செய்கிறோம்.

மார்ச் 3, காலை

கிண்ணியாத் தம்பி சுரண்டிவிட்டார். படம் அனுப்பியிருந்தார். புரொப்பெல்லரின் பின்முகம் முழுக்கச் சிப்பி, இதழின் நடுவில் மட்டும் உள்ளங்கை அளவு உலோகம் தெரிந்தது. இப்போது 2450. கரும்புகை பெருமளவு அடங்கிவிட்டது.

ஆனால் 2600 இல்லை. உதறல் அப்படியே. காலை வெள்ளைப் புகையும் அப்படியே.

இனித்தான் எஞ்சின். அவருடைய முதல் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். உதறலும் வெள்ளையும் நொசில் மாற்றிய பிறகு வந்தவை. அந்த வரியில்தான் சங்கதி இருக்கிறது. எஞ்சின் தன் பாட்டில் கெடுவது ஒரு நோய், பழுதுபார்த்த கை கொடுத்துப்போவது இன்னொரு நோய். இரண்டும் ஒரே படகில் இருக்கலாம்.

செய்ய வேண்டியது: எஞ்சினை நின்ற நிலையில் ஓடவிட்டு, ஒவ்வொரு நொசிலுக்கும் போகும் இரும்புக் குழாயின் நட்டை ஒன்றன்பின் ஒன்றாக அரைச் சுற்றுத் தளர்த்துங்கள், மேலே துணியைப் போர்த்திக்கொண்டு. தளர்த்திய சிலிண்டர் வேலை செய்யாது. நல்ல சிலிண்டரை வெட்டினால் எஞ்சின் உடனே சுற்று இறங்கித் தள்ளாடும். கெட்டதை வெட்டினால் அதிக மாற்றமிருக்காது, வெள்ளைப் புகையும் குறையும். கையை வைக்காதீர்கள். அழுத்தத்தோடு பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும், ஆனால் விரலையே எடுக்க நேரிடலாம். அப்படிப் பட்டால் வலி இல்லையென்றாலும் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி.

மார்ச் 3, இரவு

மேலே எழுதியது பழைய வகைப் பம்ப் எஞ்சினுக்கு மட்டும். கம்ப்யூட்டர் வைத்த கொமன் ரெயில் எஞ்சினில் ஓடும்போது எந்தக் குழாயையும் தளர்த்தக் கூடாது. அங்கே அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேலும் ஏறும். ஒருவர் தனிப்பட்ட முறையில் கேட்டதால் எல்லோருக்குமாகச் சொல்கிறேன்.

மார்ச் 6

மூன்றாவது சிலிண்டர். வெட்டினாலும் எஞ்சின் கவலைப்படவில்லை.

நொசிலைக் கழற்றிச் சோதனைப் பம்பில் பூட்டிப் பார்த்திருக்கிறார். ஒழுங்காகக் கிர்ரென்று அதிர்ந்து, பனி போலத் தெளித்து, சொட்டு வைக்காமல் நிறுத்துகிறது. புது நொசில், குறையொன்றும் இல்லை. "இப்போது என்ன செய்வது அண்ணன்?" என்று கேட்டார். டோர்ச்சை எடுத்து அந்தத் துளையின் அடியைப் பார்க்கச் சொன்னேன். செம்பு வாஷர் ஒன்று அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது. கையில் கழற்றிய நொசிலோடு இன்னொன்று வந்திருந்தது.

பழைய வாஷர் கரியோடு சேர்ந்து துளையின் அடியில் இறுகிவிடும். மேலிருந்து பார்த்தால் கறுப்புத்தான் தெரியும், வாஷர் என்று தெரியாது. அதன்மேல் புது வாஷரைப் போட்டு நொசிலை இறுக்கினால், நொசிலின் நுனி ஒரு வாஷரின் தடிப்பளவு மேலே நிற்கும். தெளிப்பு பிஸ்டனின் குழிக்குள் விழாமல் சுவரில் படும். சுவரில் பட்ட டீசல் எரியாமல் காலைக் குளிரில் வெள்ளையாகவும், சூடான பிறகு கறுப்பாகவும் வரும். இரண்டு வாஷர் சேர்ந்தால் அடைப்பும் சரியாக இராது, அழுத்தம் கசியும். ஒரு சல்லி வாஷர் செய்த வேலை இது. அதற்கு லைனர் மாற்றச் சொன்னார்கள்.

கராஜின் பெயரைக் கேட்டு எனக்கு எழுத வேண்டாம். எந்தக் கராஜிலும் நடக்கக்கூடியதுதான். நடந்த பிறகு துளைக்குள் பார்க்காமல் லைனருக்குப் பாய்ந்தார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மார்ச் 8

மூதூரிலிருந்து ஒரு நானா: அடி சுத்தம், நொசில் சரி, காற்று வடிகட்டி புதிது, ஆனால் வெளிக்கடலில் ஒரு மணித்தியாலம் ஓடிய பிறகுதான் கரும்புகை தொடங்குகிறது. துறைமுகத்துக்குள் ஒரு பொட்டும் இல்லை.

நானா, புகை வரும் நேரத்தில் எஞ்சின் பெட்டியின் மூடியைத் திறந்துவிட்டு படகின் பின்னால் வரும் புகையைப் பாருங்கள். வேறொன்றும் செய்ய வேண்டாம்.

மார்ச் 8, மாலை

திறந்தவுடன் நின்றுவிட்டதாம். மூடினால் திரும்பவும் வருகிறதாம்.

பெட்டி மூச்சுத் திணறுகிறது. காற்றுத் துவாரம் போதாமல் இருக்கலாம், அல்லது உள்ளே சூடேறிய காற்றையே எஞ்சின் திரும்பத் திரும்ப இழுக்கிறது. 30 பாகை செல்சியஸ் காற்று 60 பாகைக்கு ஏறினால் அதே கன அளவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு காற்று குறைந்துவிடும். கச்சான் வீசும் மாதங்களில் வெளியே உள்ளதே அடுப்புக் காற்று, பெட்டிக்குள் கேட்க வேண்டுமா. உள்ளே வர ஒரு வழி தாழ்வாக, வெளியேற ஒரு வழி உயரமாக இருக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வெட்டினால் போன காற்றே திரும்பி வரும். புகைக்குழாய் பெட்டிக்குள் எங்கேயாவது கசிந்து, அந்தப் புகையை எஞ்சின் தானே குடிக்கிறதா என்றும் பாருங்கள். கசியும் மூட்டைச் சுற்றிக் கரி படிந்திருக்கும்.

நான்கு கேள்வியில் கடைசியானதைக் கிண்டலாக எழுதினேன். இப்போது பார்த்தால் அதை முதலாவதாகக் கேட்டிருக்கலாம். மூடியைத் திறக்கக் காசு வேண்டாம், கரையேற்றவும் வேண்டாம்.

மார்ச் 11

வெள்ளைப் புகை, ஆனால் அட்டையில் டீசல் இல்லை, உப்பு இருக்கிறது என்று ஒருவர். கடல்நீர் கலந்து வெளியேறும் புகைக்குழாய். இதைப் புகை என்று சொல்லாதீர்கள், ஆவி. குளிரூட்டும் கடல்நீர் குறைந்துவிட்டது, வந்த கொஞ்சமும் சூட்டில் ஆவியாகிறது. மகாவலி வெள்ளத்தோடு கொட்டியாரக் குடாவுக்கு வரும் குப்பைக்குக் கணக்கில்லை. இலையும் பொலித்தீனும் முதலில் உறிஞ்சும் வாயையும் வடிகட்டியையும்தான் அடைக்கும். அங்கே இல்லையென்றால் தண்ணீர்ப் பம்பின் ரப்பர் இம்பெல்லரைக் கழற்றுங்கள். இதழ் உடைந்திருந்தால் புதியதைப் போட்டுவிட்டு ஓடிவிடாதீர்கள். உடைந்த துண்டுகளைத் தேடி எடுங்கள். அவை வெப்ப மாற்றியின் வாயில் போய்ச் செருகிக்கொண்டிருக்கும். எல்லாத் துண்டும் சேர்ந்தால் ஒரு முழு இதழ் வர வேண்டும்.

இன்னொரு வகை வெள்ளை ஆவியும் உண்டு. எஞ்சினைக் குளிர்விக்கும் நன்னீர்த் தொட்டியின் அளவு நாளுக்கு நாள் இறங்குகிறது, வெளியே ஒரு சொட்டும் ஒழுகவில்லை, கூலன்ட் ஊற்றியிருந்தால் புகைவாயில் இனிப்பான ஒரு மணம். சிலிண்டர் மூடியின் அடைப்பான ஹெட் காஸ்கெட் போயிருக்கும், அல்லது அந்த மூடியிலேயே விரிசல். எண்ணெய் பால்தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டால் அதற்கு மேல் ஒரு நிமிடமும் ஓட்டாதீர்கள்.

இதே வகைப் புகைக்குழாய் வைத்தவர்களுக்கு: ஸ்டார்ட் ஆகாத எஞ்சினை விடாமல் சுழற்றாதீர்கள். சுழலும்போதெல்லாம் பம்ப் கடல்நீரை அனுப்புகிறது, அதை வெளியே தள்ளும் புகை இல்லை. சைலன்சர் நிரம்பித் தண்ணீர் திரும்பிச் சிலிண்டருக்குள் வரும். தண்ணீர் நசுங்காது, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கம்பிதான் வளையும். ஓரிரு தடவையில் பிடிக்கவில்லையென்றால் கடல்நீர் வால்வை மூடிவிட்டுச் சுழற்றுங்கள், பிடித்தவுடன் திறங்கள்.

மார்ச் 14

"அப்படியானால் ஓவரோல் என்பதே தேவையில்லையா?" கராஜ்காரர் ஒருவராக இருக்க வேண்டும், கோபம் வரிக்கு வரி தெரிகிறது.

தேவை. சிலிண்டர் காற்றை அமுக்கும் அழுத்தத்தை, அதாவது கம்ப்ரஷனை அளந்து, அது எஞ்சினைச் செய்த நிறுவனம் சொல்லும் அளவுக்குக் கீழே விழுந்திருந்தால், சூடான எஞ்சினில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்ததும் புகை குபுகுபுவென்று தள்ளினால், ஒவ்வொரு பயணத்துக்கும் எண்ணெய் சேர்க்க வேண்டியிருந்தால் தேவை. அளவு எடுத்துக் காட்டிவிட்டுச் சொல்லுங்கள், நானே படகுக்காரருக்கு எடுத்துச் சொல்கிறேன். புகை கறுப்பாக இருந்தது என்பது அளவு அல்ல.

மார்ச் 17

கிண்ணியாத் தம்பியின் படகு 2590, 2600 என்று தொடுகிறது. ஐஸ் ஏற்றிக்கொண்டே பார்த்தாராம். திடீரென்று கைப்பிடியைத் தள்ளும்போது ஒரு கறுப்பு இருமல் இருக்கிறது, அது என்ன என்று கேட்கிறார். அது இருக்கட்டும். கவர்னர் சுற்றைப் பிடிக்க ஓடுகிற அந்தச் சில நொடி. மெதுவாகத் தள்ளினால் அதுவும் வராது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் மெல்லிய வெள்ளை வந்தால் அதற்கும் கடிதம் எழுத வேண்டாம்.

மார்ச் 18

கழற்றிய செம்பு வாஷரைச் சூடாக்கித் திரும்பப் போடலாமா என்று கேள்வி. போடலாம். சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் போட்டால் செம்பு திரும்ப மிருதுவாகும். ஆனால் முகத்தில் பள்ளம் விழுந்திருந்தால் ஆகாது, தடிப்பு குறைந்திருந்தாலும் ஆகாது. கடையில் புதியது வாங்கினால் பழையதைக் கையில் கொண்டுபோய்த் தடிப்பை ஒப்பிட்டு வாங்குங்கள், வெளி விட்டம் ஒன்றாக இருந்தால் போதாது. மூன்று நொசில் கழற்றினால் மூன்று பழைய வாஷரும் மேசைக்கு வந்த பிறகுதான் புதியதைத் தொட வேண்டும்.